பெரியப்பாவின் இதயத்தில் இல்லாத தழும்பு

பெரியப்பா ஆறு மாதமாக ரோட்டுக்கு ஏறவே இல்லை என்று பெரியம்மா போனில் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீடுகள் எல்லாம் ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கும். பெரியப்பா வீட்டிலிருந்து ரோட்டுக்கு 62 படி. தினமும் காலையில் ஸ்வெட்டர், மஃப்ளர் சகிதம் அந்தப் படிகளில் ஏறிப்போய், முக்குக் கடையில் பேப்பர் பார்த்து, ஒரு டீ குடித்து, நாலு பேரோடு பேசிவிட்டு இறங்குவது அவருக்குச் சாப்பாடு மாதிரி. நாற்பது வருஷம் தேயிலை ஃபேக்டரியில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர், திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

“ஹார்ட்ல தழும்பு இருக்குன்னு எழுதிட்டாங்க கண்ணு. ஏறினா நின்னுடும்னு பயப்படறார்.”

நான் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் டெக்னாலஜிஸ்ட். இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்கும் நியூக்ளியர் ஸ்கேனை (மயோகார்டியல் பெர்ஃபியூஷன் ஸ்கேன்) எடுப்பதுதான் என் அன்றாட வேலை. பெரியப்பாவுக்கு அதை எடுத்தது அவர் மகன் இருக்கும் ஊரில், வேறொரு இடத்தில். சர்க்கரை இருக்கிறது, நடந்தால் லேசாக நெஞ்சு இறுக்கம் என்றதும் எடுத்திருக்கிறார்கள். அந்த வாரக் கடைசியில் மலையேறிப் போய் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். இதயத்தின் கீழ்ச்சுவரில் சிறிய குறை, உழைப்பிலும் ஓய்விலும் ஒரே மாதிரி இருக்கிறது, பழைய மாரடைப்பின் தழும்பாக இருக்கலாம், ஆஞ்சியோ யோசிக்கலாம் என்று இருந்தது. கூடவே ஒரு வட்டப் படம், மேலே எல்லாம் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்க அடியில் மட்டும் ஊதா ஏறியிருந்தது. பெரியப்பாவுக்குப் பெரிய தொப்பை உண்டு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசை மேலே தூக்கியிருக்கும். அதே ஃபைலில் இருந்த எக்கோவில் கீழ்ச்சுவர் நன்றாக அசைகிறது என்று எழுதியிருந்தது. படத்தைத் திருத்தி எடுத்தார்களா, குப்புறப் படுக்கவைத்து ஒருமுறை பார்த்தார்களா என்பது பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை.

அன்றிலிருந்து இதை எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், ஏனென்றால் இந்தக் கீழ்ச்சுவர்க் குறை என்பது எங்கள் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கிற ஒரு பொய்த்தோற்றம், அதைப் பொய் என்று கண்டுபிடிக்க வழிகளும் இருக்கின்றன, ஆனால் ஸ்கேனுக்குப் போகிற யாருக்கும் அதை யாரும் சொல்வதில்லை.

முதலில் இந்த ஸ்கேன் என்ன என்று சொல்லிவிடுகிறேன். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த மருந்தைக் கை நரம்பில் ஏற்றுவோம். இதயத் தசையில் எங்கே ரத்தம் நன்றாகப் போகிறதோ அங்கே மருந்து நன்றாகத் தங்கும், ரத்தம் குறைந்த இடத்தில் குறைவாகத் தங்கும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிவிடும் என்பதால் அடுத்த நாளுக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். அந்த மருந்திலிருந்து 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள காமா கதிர்கள் உடம்பைத் தாண்டி வெளியே வரும். இரண்டு பெரிய கேமராத் தலைகள், நெஞ்சின் வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கம் வரை அரைவட்டமாகச் சுற்றி, அந்தக் கதிர்களை எண்ணும். எண்ணிக்கையை வைத்துக் கம்ப்யூட்டர் இதயத்தைத் துண்டு துண்டாகப் படம் போட்டுக் கொடுக்கும். நடக்கவைத்து இதயத்தை உழைக்கவைத்தோ, உழைக்கும்போது விரிவதுபோல ரத்தக்குழாய்களை விரிக்கும் மருந்தை ஏற்றியோ ஒரு உழைப்புப் படம், ஓய்வில் ஒரு படம். உழைப்பில் மட்டும் குறை இருந்தால் அடைப்பு, இரண்டிலும் இருந்தால் தழும்பு. இது பொதுவான கணக்கு.

கணக்கு தப்புகிற இடம் கேமராவுக்கு முன்னாலேயே இருக்கிறது. காமா கதிர் எக்ஸ்ரே மாதிரிதான், சதையைத் தாண்டி வரும்போது வழியிலேயே கொஞ்சம் தேய்ந்துபோகும். 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் ஏறக்குறைய 4.5 சென்டிமீட்டர் சதையைத் தாண்டினால் பாதிதான் நேராக வெளியே வரும், 9 சென்டிமீட்டர் என்றால் கால்வாசி. மீதி எங்கே போகிறது? பெரும்பாலும் வழியில் எலக்ட்ரான்களில் மோதித் திசை மாறிவிடுகிறது, கொஞ்சம் அங்கேயே உறிஞ்சப்படுகிறது. நுரையீரல் காற்று நிறைந்தது என்பதால் அங்கே இழப்பு மிகக் குறைவு. எலும்பில் அதிகம். இதைத்தான் அட்டென்யுவேஷன் என்கிறோம்.

எல்லாப் பக்கமும் ஒரே அளவு தேய்ந்தால் பிரச்சினையே இல்லை. இதயத்தின் கீழ்ச்சுவர் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஆழத்திலும் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கதிர் கூடுதல் சதையைத் தாண்டி வரவேண்டும். அதனால் ஆண்களுக்கு, குறிப்பாகத் தொப்பை உள்ளவர்களுக்கு, கீழ்ச்சுவர் மங்கும். பெண்களுக்கு மார்பகம் முன்சுவரை மறைத்து அந்தப் பக்கம் மங்கும். அப்புறம் இன்னொரு விஷயம், இந்தப் படத்தில் எல்லாமே ஒப்பீடு. எந்த இடம் மிகப் பிரகாசமோ அதை 100 என்று வைத்து மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டு வண்ணம் போடுகிறது கம்ப்யூட்டர். கதிர் வழியில் தொலைந்தாலும், ரத்தமே வராமல் மருந்து தங்காவிட்டாலும், திரையில் ஒரே ஊதாதான்.

பெரியப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று திண்ணையில் யோசித்துக்கொண்டிருந்தபோது சாயங்கால மேகமூட்டம் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஏறிவந்தது. எதிர்ச் சரிவில் இருக்கும் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. மேல் வரிசை பளிச்சென்று தெரிந்தது, பள்ளத்தில் இருக்கும் வீடுகள் மட்டும் மங்கிக் கொஞ்ச நேரத்தில் காணாமலே போய்விட்டன. “கீழ இருக்கற வீட்டுல எல்லாம் கரண்ட் போயிருச்சா பெரியப்பா?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! “மேகம் மூடிருக்கு கண்ணு, நீ இந்த ஊர்ல பொறந்தவதானே?” என்றார். “உங்க ஸ்கேன்லயும் அதேதான் நடந்திருக்கலாம்” என்றேன். ரிப்போர்ட்டை வாங்கி, அந்த ஊதாவை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

நடந்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். நான் டாக்டர் இல்லை, ரிப்போர்ட் எழுதுவது என் வேலை இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கு வலியே தெரியாமல் மாரடைப்பு வந்து போவதும் உண்டு. கீழ்ச்சுவரில் தெரிவதெல்லாம் பொய் என்று ஒதுக்கிவிட்டால் அது இன்னும் பெரிய ஆபத்து. எது உண்மை எது பொய் என்று பிரித்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

பிரிக்க எளிய வழிகள் இரண்டு பழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, இசிஜியோடு சேர்த்து இதயத் துடிப்பை 8 அல்லது 16 பங்காகப் பிரித்துப் படம் எடுப்பது, கேட்டட் படம் என்போம். தழும்பு விழுந்த தசை சரியாகச் சுருங்காது. மங்கலாகத் தெரிகிற அந்தச் சுவர் ஒவ்வொரு துடிப்பிலும் நன்றாகத் தடித்து அசைந்தால், அது தழும்பாக இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. இன்னொன்று, குப்புறப் படுக்கவைத்து மறுபடி எடுப்பது. குப்புறப் படுத்தால் உதரவிதானம் கீழே இறங்கி, இதயம் கொஞ்சம் நகர்ந்து, கீழ்ச்சுவர் தெளிவாகும். செலவே இல்லாத வழி, ஆனால் வயசானவர்களுக்குக் கழுத்து வலிக்கும், போதாததற்கு முன்சுவர்ப் பக்கம் வேறொரு பொய்க்குறையை அது கொண்டுவரலாம். அதனால் அதை மட்டும் தனியாக நம்பமுடியாது.

நேரடியான வழி, எவ்வளவு தேய்ந்தது என்று அளந்து அதைத் திருப்பிச் சேர்ப்பது. இந்த முயற்சி பழையது. 1978-ல் சாங் என்பவர் ஒரு கணக்குமுறை கொடுத்தார், உடம்பு முழுவதும் ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டு ஆழத்துக்கு ஏற்பத் திருத்துவது. தலைக்கு அது ஓரளவு சரி. நெஞ்சுக்குள் ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் எலும்பு, ஒரு பக்கம் ஈரல் என்று இருக்கும்போது ஒரே அடர்த்தி என்பது எடுபடாது. ஒவ்வொருவர் நெஞ்சுக்கும் தனி வரைபடம் வேண்டும். அதற்காகக் கடோலினியம்-153 என்ற கதிரியக்கக் கம்பியை ஒரு பக்கம் வைத்து, அதன் கதிர் உடம்பைத் தாண்டி மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று அளந்தார்கள். அந்தக் கம்பியின் வீரியம் சுமார் 240 நாளில் பாதியாகிவிடும், நாளாக ஆக வரைபடம் புள்ளி புள்ளியாகப் போய்விடும். இப்போது காமா கேமராவோடு சிடியும் ஒரே மெஷினில் சேர்ந்து வருகிறது. குறைந்த டோஸில் ஒரு சிடி, சில விநாடிதான். தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000 என்று சிடி கொடுக்கும் எண்களை, 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் அந்தந்த இடத்தில் எவ்வளவு தேயும் என்ற எண்ணாக மாற்றி, அதை வைத்துக் கம்ப்யூட்டர் படத்தைத் திரும்பத் திரும்பக் கணக்குப்போட்டுச் சரிசெய்யும். அட்டென்யுவேஷன் கரெக்‌ஷன் என்பதைச் சுருக்கி எங்கள் பிரிவில் ஏசி போட்ட படம், ஏசி போடாத படம் என்றுதான் பேசிக்கொள்வோம்.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்லவேண்டும், மறக்கமுடியாதது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், குன்னூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். படம் எடுத்தாகிவிட்டது, சிடியும் எடுத்தாகிவிட்டது, அன்று கூட்டம் வேறு, கம்ப்யூட்டர் போட்ட திருத்தத்தை அப்படியே டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். ஏசி போடாத படத்தில் நன்றாக இருந்த முன்சுவரும் பக்கச்சுவரும் ஏசி போட்ட படத்தில் ஓட்டை விழுந்ததுபோல இருந்தன. டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சாம்பல் நிறச் சிடியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் இதயம், குதிரை லாடம் மாதிரி. அந்த லாடத்தின் வெளிவிளிம்பு, சிடியில் இருக்கும் இதயத்தை விட்டு வெளியே வந்து, கறுப்பாகத் தெரியும் நுரையீரலின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? அந்த விளிம்பு காற்றுக்குள் இருக்கிறது, இங்கே கதிர் தேயவில்லை, எனவே திருப்பிச் சேர்க்க ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டது. சுற்றி இருப்பதை எல்லாம் ஏற்றிவிட்டு அதை மட்டும் ஏற்றாமல் விட்டால் அது ஓட்டையாகத்தானே தெரியும்.

காரணம் மூச்சு. காமா கேமரா பத்துப் பதினைந்து நிமிஷம் சுற்றுகிறது, அந்த நேரம் முழுக்க ஆள் சாதாரணமாக மூச்சு விடுகிறார், படம் அத்தனை மூச்சுக்கும் சராசரி. சிடி கண் மூடித் திறப்பதற்குள் ஒரு நிலையைப் பிடித்துவிடும். அந்த அம்மா சிடி என்றதும் ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார், ஏனென்றால் எக்ஸ்ரே எடுக்கும்போதெல்லாம் நாம் அவர்களை அப்படித்தானே பழக்கி வைத்திருக்கிறோம். மூச்சை இழுத்தால் நுரையீரல் விரியும், உதரவிதானம் இறங்கும், இதயமும் கூடவே இறங்கும். நான் அவரிடம் மூச்சைப் பற்றிச் சொல்லவும் இல்லை, அனுப்புவதற்கு முன் இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கவும் இல்லை. நகர்த்திச் சரிசெய்ததும் ஓட்டை மறைந்துவிட்டது. டாக்டர் கவனித்ததால் பிழைத்தது, இல்லாவிட்டால் அந்த அம்மா தேவையே இல்லாமல் ஆஞ்சியோ டேபிளில் படுத்திருப்பார். அன்றிலிருந்து எவ்வளவு கூட்டம் இருந்தாலும் மூன்று கோணத்திலும் லாடம் இதயத்துக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் நான் எதையும் அனுப்பியதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. இந்த மருந்து ஈரல் வழியாக வெளியேறும். ஈரலும் குடலும் பிரகாசமாக இருக்கும்போது ஏசி போட்டால் அந்தப் பிரகாசம் இன்னும் கூடி, சிதறி வந்து பக்கத்தில் இருக்கும் கீழ்ச்சுவரில் படியும். உண்மையான குறை இருந்தாலும் மூடிவிடும். அதனால்தான் ஊசி போட்டபிறகு பாலோ கொஞ்சம் கொழுப்புள்ள தின்பண்டமோ சாப்பிடச் சொல்லி உட்காரவைக்கிறோம், அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறோம், தேவைப்பட்டால் மறுபடி எடுக்கிறோம். ‘இன்னும் எவ்வளவு நேரம்மா, மலைக்குக் கடைசி பஸ் போயிடும்’ என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பது எனக்கு நன்றாகவே புரியும், ஆனாலும் அந்தக் காத்திருப்பு படத்துக்காகத்தான்.

சரி, பெரியப்பாவுக்கு வருகிறேன். ஆஞ்சியோ செய்வதற்கு முன் ஒருமுறை திருத்தத்தோடு எடுத்துப் பார்க்கலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னார். முழங்கால் வலியால் டிரெட்மில்லில் ஓடமுடியாது, அடினோசின் மருந்து ஏற்றித்தான் செய்யவேண்டும். அதற்கு முந்தின நாளிலிருந்தே டீ கூடாது, காபி கூடாது. டீயில் இருக்கும் கஃபீன் அந்த மருந்தை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும், சோதனையே வீணாகிப்போகும். தேயிலை வாசத்திலேயே நாற்பது வருஷம் இருந்தவரை ஒரு முழு நாள் டீ இல்லாமல் வைப்பதற்குள் பெரியம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ‘காலையில ஒரு வாய்தான் குடிச்சேன்’ என்று சொல்லித் திரும்பிப்போனவர்கள் நிறைய, அதுவும் மலையிலிருந்து வருகிறவர்கள்.

காலையில் ஸ்வெட்டரோடு வந்து நின்றார். கழற்றச் சொல்லிப் பைகளைத் தொட்டுப் பார்த்தேன். பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை, வீட்டுச் சாவி, மூக்குக் கண்ணாடிக் கூடு. நெஞ்சுக்கு நேராக இருக்கும் நாணயம்கூடக் கதிரைத் தடுத்துப் படத்தில் குறை காட்டும். பெண்களாக இருந்தால் உழைப்புப் படத்துக்கும் ஓய்வுப் படத்துக்கும் ஒரே மாதிரி உடுத்தியிருக்கிறார்களா என்றும் பார்ப்போம், ஒருமுறை உள்ளாடையோடும் ஒருமுறை இல்லாமலும் எடுத்தால் மார்பகம் இடம் மாறி, இல்லாத அடைப்பு இருப்பதுபோலக் காட்டிவிடும். ஊசி போட்டபிறகு பாலும், அவரே கோத்தகிரியிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு வந்த வர்க்கியும் சாப்பிட்டார்.

சிடிக்குப் போகும்போது காதோரம் குனிந்து சொன்னேன். “பெரியப்பா, மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. திண்ணையில படுத்திருக்கற மாதிரி மெல்ல விட்டுட்டே இருங்க.” தலையை ஆட்டினார். ஆனாலும் மேல்கீழாக ஒரு பிக்சல் தள்ளித்தான் இருந்தது, எங்கள் மெஷினில் அது சுமார் 6 மில்லிமீட்டர். நகர்த்தினேன், மூன்று கோணத்திலும் பார்த்தேன், இன்னொரு சகாவையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். சொந்தக்காரர் என்பதால் என் கண்ணை நானே முழுதாக நம்பக்கூடாது என்று தோன்றியது.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏசி போடாததில் அதே ஊதா, அதே இடம். ஏசி போட்டதில் கீழ்ச்சுவர் முழுக்க மஞ்சளாக நிரம்பியிருந்தது. துடிப்புப் படத்தில் அந்தச் சுவர் நன்றாகவே தடித்துச் சுருங்கியது. ஈரல் அப்போதைக்குள் அடங்கியிருந்தது, அது ஏற்றிவிட்ட வெளிச்சம் இல்லை. உழைப்புப் படமே இவ்வளவு சுத்தமாக இருந்தால் ஓய்வுப் படம் எடுக்கத் தேவையில்லை, இன்னொரு ஊசியும் அதன் கதிர்வீச்சும் மிச்சம் என்று டாக்டர் அங்கேயே நிறுத்திவிட்டார். திருத்தத்தால் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், பாதி நாளில் முடிந்து மதிய பஸ்ஸைப் பிடிக்கலாம்.

ஆனால் டாக்டர் படத்தை மூடவில்லை. திருத்தத்துக்காக எடுத்த அந்தச் சிடியையே மெல்ல உருட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். இதயத்தின் முன்னால் இறங்கும் ரத்தக்குழாயின் ஓரத்தில் வெள்ளையாக இரண்டு புள்ளி, பக்கத்தில் இன்னொன்று. சுண்ணாம்பு படிந்திருக்கிறது. தழும்பு இல்லை, ரத்த ஓட்டம் இப்போதைக்குச் சரி, ஆனால் குழாயில் படிவு ஆரம்பித்திருக்கிறது, கொழுப்புக்கு மாத்திரை வேண்டும், சர்க்கரையை இறுக்கிப் பிடிக்கவேண்டும், நெஞ்சு இறுக்கம் அதிகமானால் உடனே வரவேண்டும் என்று பெரியப்பாவை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். முதல் ஸ்கேனில் ஆறு மாதம் அவர் பயந்தது இல்லாத ஒன்றுக்காக. அந்த ஆறு மாதமும் சாப்பிட்டிருக்கவேண்டிய மாத்திரையைச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். எனக்கு இதில்தான் ஆற்றாமை. அங்கே யாராவது ஒருவர், இது உதரவிதானத்தால் வந்த மங்கலாகவும் இருக்கலாம், அசைவு நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் போதுமே.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தால், எடுக்கப் போகிற இடத்தில் சிடி வைத்துத் திருத்தம் செய்வார்களா, இல்லையென்றால் குப்புறப் படுக்கவைத்தாவது எடுப்பார்களா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கையில் ரிப்போர்ட் வந்து அதில் கீழ்ச்சுவர், முன்சுவர், நிலையான குறை என்றெல்லாம் இருந்தால், அந்தச் சுவரின் அசைவு எப்படி இருந்தது, திருத்திய படத்தில் என்ன தெரிந்தது என்று உங்கள் இதய டாக்டரிடம் கேளுங்கள். சிடி எடுக்கும்போது மட்டும் மூச்சை நீங்களாக இழுத்துப் பிடிக்காதீர்கள், அங்கே இருக்கும் டெக்னாலஜிஸ்ட் சொல்கிறபடி விடுங்கள்.

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். காலையில் எழுந்து வந்தபோது திண்ணை காலியாக இருந்தது. மேலே படியில் பார்த்தால், இருபதாவது படியில் கொஞ்சம் நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பிறகு மறுபடி ஏறிக்கொண்டிருந்தார். பெரியம்மா உள்ளேயிருந்து, “ராத்திரி மாத்திரை போட்டாரான்னு கேளு கண்ணு” என்று சத்தம் போட்டார்.